படித்துப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்

திருக்காட்டுப்பள்ளியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பெண்பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மகள் கையில் பாடப்புத்தகம் அல்லாத ஒரு புத்தகத்தைக் கண்டால் உங்களுக்கு ஏன் இத்தனை கோபம் வருகிறது? அதிலும் அட்டையில் ஒரு பெண் வாளோடு நின்றுவிட்டால், உள்ளே பேய், ரத்தக்காட்டேரி என்று ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால், அந்தக் கோபத்துக்கு அளவே இல்லை.

எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணிடமிருந்து அப்படியொரு புத்தகத்தைப் பிடுங்கிப் பரணில் எறிந்தார் அவளுடைய அம்மா. "பொம்பளப் புள்ள படிக்கிற புஸ்தகமாடி இது? ராத்திரியெல்லாம் பயந்து உளறப்போற" என்று கத்தினார். அந்தப் பெண் அழவில்லை. "ஒரு பக்கமாவது படிச்சுப் பாத்தியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அம்மாவிடம் பதில் இல்லை. உங்களில் பலரிடமும் இருக்காது.

அது என்ன புத்தகம் என்று நான் சொல்கிறேன். பெயர் 'மேஜிக் பைட்ஸ்'. 2007-இல் வெளிவந்த ஆங்கில நாவல். கேட் டேனியல்ஸ் என்ற பெண்ணை நாயகியாகக் கொண்ட பத்து நாவல்களில் இது முதலாவது. கடைசி நாவல் 2018-இல் வந்தது. எழுதியவர் இலோனா ஆண்ட்ரூஸ் என்று அட்டையில் இருக்கும். ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதப் பயன்படுத்தும் பெயர் அது. நம்மூரில் 'சுபா' என்ற பெயரில் இரண்டு நண்பர்கள் எழுதவில்லையா, அந்த மாதிரி.

கதை நடப்பது அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில். அந்த உலகத்தில் மந்திர சக்தி அலை அலையாக வரும். அலை அடித்தால் கரண்ட் போய்விடும், கார் நின்றுவிடும், துப்பாக்கி வெடிக்காது. அலை ஓய்ந்தால் எல்லாம் பழையபடி ஓடும். மந்திரம் அரித்து அரித்துப் பெரிய பெரிய கட்டடங்கள் இடிந்து கிடக்கின்றன. ஆள்விழுங்கிகளும் ஓநாய் மனிதர்களும் ரத்தக்காட்டேரிகளும் நடமாடும் அந்த ஊரில், கேட் கூலி வாங்கிக்கொண்டு அவற்றை எதிர்த்துப் போராடுகிறவள். தனக்குக் காப்பாளராக இருந்தவரைக் கொன்றது யார் என்று தேடிக் கிளம்புவதுதான் முதல் நாவல். அடுத்த நாவலில், தாயைக் காணாமல் தெருவில் தவிக்கும் ஜூலி என்ற சிறுமி அவள் வழியில் வருகிறாள். அவளைக் காப்பாற்றியதோடு விட்டுவிடாமல், தன் பிள்ளையாகவே வளர்க்கிறாள் கேட். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறாள், சண்டை போடுகிறாள், கவலைப்படுகிறாள். ஒரு தாய்க்கும் மகளுக்கும் உட்கார்ந்து பேச இதைவிட நல்ல விஷயம் வேண்டுமா? அதைத்தான் பரணில் எறிகிறீர்கள்.

நீங்கள் வளர்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய பாக்கெட் நாவல்களை நீங்கள் படிக்கவில்லையா? ராஜேஷ்குமாரின் விவேக்கையும் ரூபலாவையும் தெரியாதா? பக்கத்துப் பட்டுக்கோட்டையின் பெயரைத் தன் பெயரோடு வைத்துக்கொண்ட பிரபாகர் எழுதிய பரத்தும் சுசீலாவும் துப்புத் துலக்கியதை, பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! சிவகாசியிலிருந்து 1984-இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழின் நாயகியே மாடஸ்டி பிளைசி என்ற துணிச்சல்காரிதான். தொண்ணூறுகளில் இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' சன் டிவியில் ஓடியபோது தெருவே அடங்கிப்போய் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. 2025-இல் 'லோகா' படம் வந்தது. கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியை இன்றைய பெங்களூருக்குக் கொண்டுவந்து சண்டையிட வைத்த மலையாளப் படம். தமிழிலும் டப் ஆகி வந்தது. குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டுக் கைதட்டியவர்களை எனக்குத் தெரியும். திரையில் கைதட்டினீர்கள். அதே மாதிரிக் கதையை மகள் எழுத்தில் படித்தால் கையை ஓங்குகிறீர்கள். இது என்ன நியாயம்?

பயந்துவிடுவாள் என்று சொல்கிறீர்கள். அவளைப் பயமுறுத்தியது யார்? உச்சிப் பொழுதில் ஆற்றங்கரைக்குப் போகாதே, முனி அடித்துவிடும். விளக்கு வைத்த பிறகு பூ வைத்துக்கொண்டு வெளியே போகாதே, மோகினி பிடித்துக்கொள்ளும். வயல் வெளியில் கொள்ளிவாய்ப் பிசாசு திரியும். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் காதில் இதைத்தானே ஓதினீர்கள்? அண்ணனும் தம்பியும் குடமுருட்டி ஆற்றில் இருட்டும்வரை குளித்துக் கும்மாளம் போட்டார்கள். அவள் வாசற்படியோடு நின்றாள். நாம் சொன்ன பேய்க்கதை எல்லாவற்றிலும் பெண் ஒன்று பேயாக இருப்பாள், இல்லை பேய் பிடித்தவளாக இருப்பாள். உடுக்கைக்கு முன்னால் தலைவிரித்து உட்கார்ந்து வேப்பிலை அடி வாங்குகிறவள் அவள்தான். இப்போது ஒரு கதையில் பெண் எழுந்து நின்று அந்தப் பேயைத் துரத்துகிறாள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது இனிக்கத்தானே செய்யும்? டியூஷன் முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறவள் அவள். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் தஞ்சாவூருக்குப் போகப்போகிறவள் அவள். மிரளாமல் நிமிர்ந்து பார்க்கும் ஒருத்தியின் கதை அவளுக்குத் தெம்பைத்தான் தரும்.

பெண் கையில் ஆயுதம் நம் மண்ணுக்குப் புதியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் விஜயாலய சோழன் தஞ்சையைப் பிடித்ததும் கோயில் எடுத்தது நிசும்பசூதனிக்கு. நிசும்பன் என்ற அசுரனைக் கொன்ற தேவி அவள். திருவாலங்காட்டுச் செப்பேடு இதைச் சொல்கிறது. பெரிய கோயில் எழும்பியதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது இது. தஞ்சை கீழவாசல் பக்கம் அந்தப் பெயரில் கும்பிடும் காளியைப் போய்ப் பாருங்கள். விலா எலும்பு தெரியும் மெலிந்த உடல், காலுக்கடியில் அசுரர்கள். காவிரியின் கடைமடையில் பிறந்த காரைக்கால் அம்மையார் அழகை உதறிவிட்டுப் பேயுருவை வேண்டிப் பெற்றார். அறுபத்துமூவரில் ஒருவராக அவரைக் கும்பிடுகிறோம். வெள்ளிக்கிழமை தவறாமல் காளிக்கு எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றும் வீட்டில், அசுரனை எதிர்க்கும் ஒரு பெண்ணின் கதைக்கு இடமில்லை என்பது எப்படிப் பொருந்தும்?

பேயை வேட்டையாடும் பெண்ணை நடுவில் வைத்துத் தொடர் தொடராகப் படிக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் இன்றைக்கு ஆங்கிலத்துக்குத்தான் போகிறார்கள். நம் துப்பறியும் கதைகளில் வந்த சுசீலாவும், சுபா எழுதிய வைஜயந்தியும் கெட்டிக்காரிகள்தான், ஆனால் பரத்துக்கும் நரேந்திரனுக்கும் பக்கத்தில் நின்றவர்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு மாதா மாதம் பணம் கட்டுகிறீர்கள். நம்மூர்ப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண் முந்நூறு பக்க ஆங்கில நாவலை அகராதி பார்த்துப் பார்த்துத் தானே படித்து முடிக்கிறாள் என்றால், அதைக் கொண்டாட வேண்டாமா? கைபேசியில் அவள் என்ன பார்க்கிறாள் என்று கேட்பதில்லை. புத்தகத்தைப் பிடுங்குவதற்கு மட்டும் கை நீளுகிறது.

எல்லாப் புத்தகத்தையும் எல்லா வயதுக்கும் கொடுக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கேட் டேனியல்ஸ் கதையிலும் ரத்தமும் வெட்டுக்குத்தும் உண்டு. போகப்போகக் காதலும் உடலுறவும் வரும். பன்னிரண்டு வயதுக்கு அது வேண்டாம். இதே வகையில் லாரல் ஹாமில்டன் எழுதும் அனிதா பிளேக் தொடர் 1993-இல் தொடங்கியது. முதல் சில நாவல்களில் அவள் பேய்களைத் துப்பறிந்து வேட்டையாடுகிறவள். பத்தாவது நாவலை ஒட்டிக் கதையின் போக்கே மாறி, பெரியவர்களுக்கான படுக்கையறைக் காட்சிகள் நிரம்பிவிடுகின்றன. கடையில் இரண்டு தொடரும் ஒரே தட்டில்தான் இருக்கும். அட்டையிலும் ஒரே மாதிரிப் பெண், ஒரே மாதிரி இருட்டு. எது மகளுக்கு ஏற்றது, எது இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டியது என்று அட்டையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. படித்தால்தான் தெரியும். அந்த வேலை உங்களுடையது. படிக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு மொத்தமாக மறுப்பது கண்டிப்பு ஆகாது, பொறுப்பைத் தட்டிக் கழிப்பதுதான்.

ஆங்கிலம் வராது என்றால் மகளையே கதை சொல்லச் சொல்லுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது, "அந்தப் புள்ள இன்னைக்கு என்ன பண்ணினா?" என்று கேளுங்கள். அவள் எதற்குப் பயப்படுகிறாள், யாரை நம்புகிறாள், எதை அநியாயம் என்று நினைக்கிறாள் என்பதெல்லாம் அந்தக் கதையோடு சேர்ந்தே வெளியே வரும். கிளை நூலகத்தில் அவளை உறுப்பினராக்குங்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்? இந்திய நூலகத் துறையின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்த சீர்காழி நம் காவிரிப் படுகையைச் சேர்ந்தது. 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தார் கனகசபைப் பிள்ளை. புத்தகத்தை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்த மண்ணில், வாசல் தாண்டி வந்த புத்தகத்தைப் பிடுங்கி எறிகிறவர்களாக நாம் இருக்கக் கூடாது.

மகளுக்கு இது வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தப் புத்தகத்தை முதலில் நீங்கள் படியுங்கள், அதன் பிறகு சொல்லுங்கள். ஏன் வேண்டாம் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் சரியாக இருந்தால் உங்கள் மகள் கேட்டுக்கொள்வாள்.