தோளில் ஏற்கும் பொறுப்பு

நெடுந்தூர ஓட்டம் தனியொருவரின் ஆற்றலுக்கு உரைகல் என்றே நாம் எண்ணுகிறோம். யப்பானியரோ அதனைக் கூட்டு முயற்சியாகவும் வளர்த்தெடுத்தனர். ‘எக்கிடென்’ எனப்படும் அவர்களது அஞ்சலோட்டம், முற்காலத்தில் அரசுச் செய்திகள் நெடுஞ்சாலை நிலையங்கள்தோறும் கைமாறிச் சென்ற முறையிலிருந்து பெயர் பெற்றது. முதல் எக்கிடென் 1917இல் கியோட்டோவிலிருந்து டோக்கியோ வரை ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தூரம் நடைபெற்றது.

1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் மரதனில், வெப்பம் தாளாது இடைவழியில் வீழ்ந்தவர் கனகுரி ஷிசோ. அத்தோல்வியால் அவர் ஒதுங்கிவிடவில்லை. இளையோரை உருவாக்க முனைந்து, 1920இல் தொடங்கிய ஹக்கோனே எக்கிடெனின் மூலவர்களுள் ஒருவரானார். இன்றும் சனவரி 2, 3ஆம் நாள்களில் பல்கலைக்கழக அணிகள், அணிக்குப் பத்துப் பேராக, 200 கிலோமீற்றருக்கும் மேலான தூரத்தை ஓடுகின்றன. ‘தசுக்கி’ என்னும் துணிப்பட்டியைத் தோளின் குறுக்கே அணிந்து ஓடி, அடுத்தவரிடம் ஒப்படைப்பர். அணி பெரிதும் பின்தங்கினால், அடுத்த வீரர் காத்திராது வேறு பட்டியுடன் புறப்பட வேண்டும். பிந்தி வருபவர், பெற்றுக்கொள்ள எவருமின்றித் தம் பட்டியுடன் கலங்கி நிற்பார்.

இத்தகைய பொறுப்புணர்வு வலிமை தரும். அளவு மீறினால் சுமையுமாகும். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் மரதனில் சுபுராயா கோகிச்சி இரண்டாவதாக அரங்கினுள் நுழைந்தார். இறுதிச் சுற்றில் முந்தப்பட்டு வெண்கலம் வென்றார். நாடு அவரைப் போற்றியது. அடுத்த ஒலிம்பிக்கிலும் அவரையே எதிர்பார்த்தது. காயங்களால் உடல் தளர்ந்தது. 1968 சனவரியில், 27ஆம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஒரு மனிதரின் துயரத்துக்கு ஒரே காரணம் கூறுதல் தகாது. ஆயினும், ஒரு நாட்டின் விருப்பம் முழுவதையும் ஓர் இளைஞரின் தோளில் ஏற்றியது நேரிய செயலன்று என்பதே எமது கருத்து.

பெற்றோர்களே, பொறுப்பை ஒப்படைப்பது வேறு. பாரத்தை ஏற்றுவது வேறு. எக்கிடெனில் எவரும் முழுத் தூரத்தையும் தனியே ஓடுவதில்லை. பிள்ளைகளின் தோளுக்கு ஏற்றதையே அவர்களுக்கு அளிப்போம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பங்கை மனமுவந்து ஓடுங்கள். களைத்தால் வாய்திறந்து கூறுங்கள். தோல்வி முடிவன்று. 1967இல் ஸ்டொக்ஹோமுக்கு மீண்டும் அழைக்கப்பட்ட கனகுரி, தமது 75ஆம் வயதில் அன்று விட்ட ஓட்டத்தின் எல்லைக்கோட்டைக் கடந்தார். உயிரோடு இருப்பவருக்கு எல்லைக்கோடு காத்திருக்கும்.