விதையுள்ள வாழை

காட்டு வாழைப்பழத்தைப் பிளந்து பாருங்கள். மிளகைப்போல் கறுத்த, பல்லுடைக்கும் விதைகளே நிறைந்திருக்கும், சதையோ சொற்பம். நாம் உண்ணும் பூவனிலும் ரஸ்தாளியிலும் அத்தகைய விதைகள் இல்லை. மகரந்தச் சேர்க்கை இன்றியே அவற்றின் காய் சதைபற்றுகிறது. ஆகவே பக்கக்கன்றைப் பிரித்து நட்டே அவற்றைப் பெருக்குகிறோம். “வாழையடி வாழை” என்று வாழ்த்துகிறோமே, அந்தக் கன்று தாயின் மறுபதிப்பே.

அதில் இனிமை உண்டு, ஆபத்தும் உண்டு. ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் தோட்டம் முழுவதையும் வீழ்த்திவிடும். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் ரகம் பனாமா வாடல் நோயால் நலிந்து, 1960-களில் கேவண்டிஷ் ரகத்திற்கு இடம்விட்டது. இன்று கேவண்டிஷையும் அந்நோயின் புதிய வகை தாக்குகிறது. அதை எதிர்க்கும் மரபணுவை அறிவியலாளர் எங்கே கண்டனர்? நாம் உண்ணாது ஒதுக்கிய காட்டு வாழையில்! அம்மரபணுவைத் தாங்கிய கேவண்டிஷ் ரகத்திற்கு ஆஸ்திரேலியா 2024-இல் ஒப்புதல் அளித்தது.

ஆகையால், நாவுக்கு உதவாதது எதற்குமே உதவாது என்று தீர்ப்பிடாதிருங்கள். காட்டைக் காப்பது நம் தோட்டத்தைக் காப்பதே. உங்கள் கொல்லையிலும் ஒரே ரகத்தை நடாமல், மொந்தனுக்கும் பேயனுக்கும் இடங்கொடுங்கள்.