இரண்டு ஜிம்மிகள்

ஊரில் 'ஜிம்மி' என்று கூப்பிட்டால் நாலு வீட்டு நாய்கள் வாலாட்டும். இங்கே எமது பூங்காவிலும் இரண்டு ஜிம்மிகள் உண்டு. ஒன்று தமிழ் அம்மா ஒருவருடையது, மற்றது ஓர் ஆங்கிலேய முதியவருடையது. யார் கூப்பிட்டாலும் இரண்டும் ஓடிவரும். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்துவது 'விளையாட வா' என்ற நாய்களின் அழைப்பு. அதைப் பார்த்துச் சிரித்துப் பழகிய அந்த இருவரும், மொழி அரைகுறையாக இருந்தாலும், இன்று சேர்ந்தே நடக்கிறார்கள்.

பெற்றோரின் குளிசைகளைத் தவறாமல் எடுத்து வைக்கும் நாம், அவர்களின் தனிமையைக் கவனிப்பது குறைவு. தனிமையும் உடல்நலத்தைக் கெடுக்கும் என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் 2023இல் சமூகத் தொடர்புக்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியையும் அது பரிந்துரைக்கிறது. தினமும் 25 நிமிடம் வேகமாக நடந்தால் ஆறு நாளில் அது நிறைவேறும்.

நாயால் நோய் வரும் என்று பயப்படுவோர் பலர். தடுப்பூசியும் பூச்சி மருந்தும் ஒழுங்காகக் கொடுத்து, தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால் ஆபத்து மிகக் குறைவு. ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். நாய் வளர்க்க வசதியில்லையா? அம்மா அப்பாவைப் பூங்காவுக்காவது கூட்டிச் செல்லுங்கள். கதைக்க ஆள் இருந்தால் நடக்கவும் மனம் வரும்.