சம்பளம் போன்ல, கணக்கு நோட்டுல

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பள நாள். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுனு சொன்னதும், ரொக்கமா கொடுத்துவந்த அந்த வாரச் சம்பளம் தடுமாறியது. அதே வருஷம் வந்த யுபிஐ, இன்று ஒடிசா, பீகார் தொழிலாளியின் பணத்தை நொடியில் ஊருக்கு அனுப்புகிறது. நல்ல விஷயம்தான்.

ஆனா பீஸ் ரேட் டெய்லர் எத்தனை பீஸ் தைத்தார், அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தார்கள் என்பதெல்லாம் பல இடங்களில் இன்னும் கான்ட்ராக்டர் நோட்டில்தான் இருக்கு. வந்த தொகைக்கு போனில் சாட்சி உண்டு; வராத தொகைக்கு? அன்றாட பீஸ் கணக்கை டெய்லரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப ஒரு நிமிஷம் போதும். அதை வழக்கமாக்கணும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா தேடுறவங்களும் இங்கிருந்தே தொடங்கலாம்.