மூலிகையெல்லாம் தீங்கற்றவையோ?

"வெறும் பச்சிலைதானே! நன்மை செய்யாவிடினும் தீமை செய்யாது" என்று கூறுவோர் பலர். கற்றோரும் இவ்வாறு கூறத் தயங்குவதில்லை. இக்கொள்கை எத்துணைப் பிழையுடைத்தென்பதைச் சீனநாட்டு மூலிகையொன்றின் வரலாற்றைக்கொண்டு விளக்க விரும்புகிறேன்.

மா-ஹுவாங் என்பது வடசீனத்திலும் மங்கோலியாவிலும் வறண்ட நிலங்களில் வளரும் ஒரு குறுஞ்செடி. இலைகள் செதில்போற் சுருங்கியிருத்தலால் அது வெறுந்தண்டாகவே தோன்றும்; அத்தண்டே மருந்தாவது. ஏறக்குறைய 1,800 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்னும் சீன மருத்துவர், அதிமதுரம் முதலிய மூன்று சரக்குகளோடு இதனைச் சேர்த்துக் காய்ச்சி, குளிர்சுரங்கண்டு வியர்வையின்றி வருந்துவோர்க்குக் கொடுக்குமாறு வகுத்தார். ஆயினும், தானே வியர்த்து நலிவோர்க்கு இதனைக் கொடுத்தலாகாது என்பது சீன மருத்துவ மரபு. மருந்தைக் கண்டோர் அதன் எல்லையையும் உடன் கண்டனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

1885-ல் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி என்பார் இச்செடியினின்றும் எபிட்ரின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார். பின்னர்ப் பீக்கிங் நகரில் சென், ஷ்மிட் என்னும் இருவர் அதனை ஆராய்ந்து 1924-ல் வெளியிட்ட செய்தி மேனாட்டு மருத்துவரின் கருத்தைக் கவர்ந்தது. அச்சத்து மூச்சுக்குழல்களை விரித்து, ஈளை நோயாளரின் இளைப்பைத் தணித்தது. ஆனால், அதுவே இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இதயத் துடிப்பை விரைவாக்கும். ஆற்றும் வன்மையும் அழிக்கும் வன்மையும் ஒன்றே, இரண்டல்ல.

இவ்வுண்மையை மறந்ததன் பயனை அமெரிக்க நாடு கண்டது. 1990-களில் அங்குள்ள வணிகர் இம்மூலிகையைக் காப்பிச் சத்தோடு கலந்து, உடல் மெலியவும் ஊக்கம் பெருகவும் உரியதென்று விற்றனர். 1994-ல் இயற்றிய சட்டத்தின்படி, இத்தகைய பொருள்களின் நலத்தை விற்போர் முன்னரே மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. அவற்றின் தீமையை அரசாங்கமே மெய்ப்பிக்க வேண்டும்! மாரடைப்பும் மூளையில் இரத்தப்பெருக்கும் நேர்ந்ததாக முறையீடுகள் குவிந்தன. 2003 பெப்ருவரியில் ஸ்டீவ் பெக்லர் என்னும் 23 வயதுடைய பந்தாட்ட வீரர் பயிற்சிக்களத்தில் வெப்பத்தாக்குண்டு இறந்தார். அதற்கு இம்மூலிகையும் ஒரு காரணமென்று பிணப்பரிசோதகர் கூறினார். 2004-ல் அரசாங்கம் இவ்விற்பனையைத் தடுத்தது.

"அங்ஙனமாயின் பழைய மருத்துவம் அனைத்தையும் தள்ளிவிடுவோம்" என்பார் சிலர். அதுவும் தவறே. 2004-ல் பிறந்த தடை, மரபுவழிச் சீன மருத்துவர் நோயறிந்து கொடுக்கும் மருந்தைத் தொடவில்லை. குற்றம் செடியினதன்று, மருத்துவனின் கையினின்றும் அதனைப் பறித்து, அளவையும் விலக்கையும் களைந்து, அழகு தரும் பொருளென விற்ற பேராசையினதே.

ஆதலின், உயிர்கள் மடிந்தபின் தீமையை ஆராய்வதினும், விற்குமுன் நலத்தை மெய்ப்பிக்குமாறு வணிகரை வற்புறுத்துவதே அறமாகும் என்பது என் துணிபு. மாணவ நண்பர்களே! உடல் மெலியவோ விளையாட்டில் வெல்லவோ ஒரு மூலிகையை எவரேனும் நீட்டுவராயின், அதன் பழமையைக் கேட்டு மயங்காதீர்கள். கொடுப்பவர் யார், அளவு யாது, யாருக்கு ஆகாது என்று வினவுங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற முதுமொழி பச்சிலைக்கும் பொருந்துமன்றோ?