அடிப்படை யாருக்கு?

"முதல்ல அடிப்படையை ஒழுங்கா கத்துக்கிட்டு வாங்க மேடம், ஃப்ரேம்வொர்க் எல்லாம் அப்புறம்." ஒரு பயிற்சி வகுப்பில் என்னிடம் சொன்னது இது. பக்கத்து மேசையில் இருந்த பொறியியல் பட்டதாரிக்கு அதே நாளில் ஜாங்கோ சொல்லிக்கொடுத்தார்கள். பைத்தானில் அவரும் என்னைப் போலவே கத்துக்குட்டிதான்.

தோழர்களே, 'தகுதி' என்ற சொல் நமக்குப் பழக்கம். கணினி வகுப்பில் அதன் பெயர் 'அடிப்படை'.

எனக்கு வேண்டியிருந்தது ஐ.டி. வேலை இல்லை, ஒரு பட்டியல். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அந்த நாளை யார் எண்ணுவது? நாங்கள் டைரியில் எண்ணினோம். தவறவிட்டோம். அல்காரிதம் படித்து முடிக்கும்வரை பாதிக்கப்பட்ட குடும்பம் காத்திருக்குமா?

ஜாங்கோ எங்கே பிறந்தது தெரியுமா? அமெரிக்காவின் கன்சாஸில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். கெடு நேரத்துக்குள் இணையதளம் கட்ட வேண்டிய நிரலாளர்கள், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய அலுத்துப்போய்ச் செய்துகொண்டது. 2005இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். கைதேர்ந்தவர்கள் தங்களுக்காகப் போட்ட குறுக்குவழி அது. அதில் அவர்கள் நடந்தால் திறமை, நாம் நடந்தால் அவசரக்குடுக்கையா?

நான் எழுதியது கொஞ்சம்தான். வழக்கு என்று ஒரு மாடல்; அதில் காவல் நிலையம், முதல் தகவல் அறிக்கை பதிவான தேதி, இப்போதைய நிலை. இரண்டு கட்டளைகளில் தரவுத்தளத்தில் அட்டவணை தயார். அட்மின் பக்கத்தில் பதிவு செய்ததும் உள்ளிட, திருத்தப் படிவம் தானாக வந்துவிட்டது. பதிவான தேதியோடு 60 நாள் கூட்ட ஒரே வரி.

தப்பும் செய்தேன், மறைக்க மாட்டேன். சர்வரில் ஏற்றும்போது டீபக் அமைப்பை அணைக்கவில்லை. பிழை வந்த பக்கம் நிரலின் உள்விவரங்களை எல்லாம் திரையில் கொட்டியது. அதில் ஒரு பெண்ணின் பெயரும் ஊரும் இருந்தன. பார்த்தது எங்கள் ஆள் என்பதால் தப்பித்தோம். அன்றிரவே உட்கார்ந்து பாதுகாப்புப் பகுதியை வரிவரியாகப் படித்தேன். எனக்கு அடிப்படை வேண்டாம் என்றா சொல்கிறேன்? எதை முதலில் படிப்பது என்பதை என் வேலை முடிவு செய்யட்டும் என்கிறேன்.

இப்போது காலையில் திறந்தால் கெடு நெருங்கும் வழக்குகள் மேலே நிற்கின்றன. போன வாரம் ஒன்று 61ஆம் நாளைத் தொட்டது. தாமதத்துக்கு எழுத்தில் காரணம் கேட்டு அன்றே மனு கொடுத்தோம்.