சாவி யார் கையில்?

2025-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில் குஜராத்திலுள்ள நயாரா எனர்ஜி என்னும் எண்ணெய்க் கம்பெனிக்கு நேர்ந்த அனுபவத்தை நம் நாட்டார் சில நாள் பேசிவிட்டு விட்டுவிட்டனர். அப்படி விட்டுவிடத்தக்க விஷயம் அன்று அது. அக்கம்பெனி தன் ஊழியர்களின் கடிதப் போக்குவரத்துக்கும் கலந்தாலோசனைக்கும் மைக்ரோஸாப்ட் என்னும் அமெரிக்க ஸ்தாபனத்தின் மென்பொருளை நம்பியிருந்தது. திடீரென்று அந்தச் சேவைகள் நிறுத்தப்பட்டன. கட்டணம் பாக்கியில்லை, முழுத்தொகையும் செலுத்திப் பெற்ற உரிமங்கள் அவை என்று கம்பெனி அறிவித்தது. இந்தியக் கோர்ட்டு எதுவும் உத்தரவிடவில்லை. இந்திய சர்க்காரும் கேட்டுக்கொள்ளவில்லை. நடந்தது இவ்வளவே: ஜூலை 18-ந் தேதி ஐரோப்பிய யூனியன் ரஷ்யாவுக்கு எதிராக விதித்த பதினெட்டாவது தடைத் தொகுதியில் நயாராவின் பெயரும் சேர்க்கப்பட்டது. பிரஸ்ஸல்ஸில் எழுதிய ஜாபிதா, ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கைவழியே, வாடினார் கடற்கரையில் அமுலுக்கு வந்துவிட்டது.

நயாரா டில்லி ஹைகோர்ட்டை நாடிற்று. விசாரணை முற்றுமுன்னரே, அம்மாத முடிவுக்குள், சேவைகள் திரும்பக் கொடுக்கப்பட்டன. வழக்கும் அத்துடன் முடிந்தது. வழக்காடியவர்களுக்கு அது நிம்மதியே. ஆனால் தீர்ப்பு என்று ஒன்று இல்லாமையால், பின்வருவோர் எடுத்துக்காட்டத்தக்க முன்மாதிரியும் இல்லாமற் போயிற்று. நாளை மற்றொரு ஸ்தாபனத்துக்கு இதே கதி நேருமானால், அது தன் வாதத்தை முதல் எழுத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டது சிறு கடையன்று. வாடினார் ஆலை வருஷத்துக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க வல்லது. நாட்டின் மொத்தச் சுத்திகரிப்புச் சக்தியில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கு அது. அதன் பெயர் தாங்கிய பெட்ரோல் பங்குகள் ஆறாயிரத்துக்கு மேல் உள்ளன. மைக்ரோஸாப்ட் நிறுத்தியது கடிதத்தையும் கலந்து பேசுவதையுமேயன்றி எண்ணெய் காய்ச்சும் உலைகளையல்ல என்று சிலர் சமாதானம் கூறலாம். கப்பல் எப்போது வருகிறது, சரக்கு எங்கே போகிறது, பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பவையெல்லாம் கடிதத்தாலேயே நடக்கும் காலத்தில், கடிதம் நின்றால் கை கால் நின்றது போலத்தான்.

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் மறைக்காமற் சொல்லவேண்டும். நயாராவில் ரஷ்யாவின் ரோஸ்நெப்ட் கம்பெனிக்கு 49.13 சதவீதம் பங்கு உண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரேன்மீது ரஷ்யா தொடுத்த பெரும் படையெடுப்பை எந்த நியாயவாதியும் ஆதரிக்க இயலாது. அந்த யுத்தத்துக்குப் பணம் போகும் வழிகளை அடைக்க ஐரோப்பியர் முயல்வதும் இயல்பே. மைக்ரோஸாப்ட் ஐரோப்பாவிலும் பெருவியாபாரம் செய்வதால், அவ்விடத்துச் சட்டத்தை மீறினால் அபராதத்துக்கு உள்ளாகும். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் நம் கேள்வி வேறு. இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி பதிவாகி, இந்திய ஜனங்களுக்கு எரிபொருள் விற்கும் ஒரு ஸ்தாபனத்தின்மீது அன்னிய சபையொன்றின் கட்டளையை நிறைவேற்றும் அதிகாரம் ஒரு வியாபாரக் கம்பெனிக்கு எங்கிருந்து வந்தது? ஐக்கிய நாடுகள் சபையின் முடிவைத் தவிர, தனித்த நாடுகள் தாமே விதிக்கும் தடைகளை இந்தியா ஏற்பதில்லை என்பது நம் சர்க்காரின் பகிரங்கக் கொள்கை. தடை அறிவிக்கப்பட்ட அன்றே வெளிநாட்டு இலாகா அதைத் திரும்பவும் கூறிற்று. இலாகாவின் வாக்கு காகிதத்தில் இருக்க, காரியம் வேறிடத்தில் முடிந்துவிட்டது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று ஆராய்ந்தால், மென்பொருளை நாம் 'வாங்குகிறோம்' என்று சொல்வதே பிழை என்பது விளங்கும். நாம் பெறுவது பொருளையன்று. உபயோகிக்க ஓர் அனுமதியை. அந்த அனுமதிச் சீட்டின் நீண்ட ஷரத்துக்களில், கொடுத்தவர் விரும்பியபோது நிறுத்தலாம் என்பதும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். 2009-ம் வருஷம் ஜூலையில் அமேஸான் கம்பெனி, தன்னிடம் பணம் கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெலின் நாவல்களைத் தானே அழித்துவிட்டது. வெளியிட்டவருக்கு உரிமையில்லை என்பது காரணம். பிற்பாடு கம்பெனியின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் புத்தகக் கடைக்காரன் இரவில் நம் வீட்டுக்குள் புகுந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் போவதை எந்தத் தேசத்துச் சட்டம் பொறுக்கும்?

இரும்பும் சக்கரமும் உள்ள பொருள்களுக்கும் இது பரவிவிட்டது. போலந்து தேசத்தில் நியூவாக் கம்பெனி செய்த ரயில் வண்டிகள் சில, வேறொரு பட்டறையில் பழுது பார்க்கப்பட்டபின் புறப்பட மறுத்தன. வண்டிகளின் மென்பொருளைச் சோதித்த நிபுணர்கள், போட்டிப் பட்டறைகள் இருக்கும் இடத்தை அறிந்து வண்டி தானே பூட்டிக்கொள்ளும்படி அதில் எழுதப்பட்டிருந்ததாக 2023 டிசம்பரில் பகிரங்கப்படுத்தினர். கம்பெனி அதை மறுத்து, அந்நிபுணர்கள்மீதே வழக்குத் தொடுத்தது. யார் பக்கம் உண்மை என்பதைக் கோர்ட்டுக்கள் தீர்க்கட்டும். பழுது பார்த்த பட்டறையார், வண்டி ஏன் ஓடவில்லை என்பதை அறிவதற்கே நிபுணர்களைத் தேடிப் போகவேண்டியிருந்தது என்பதை மட்டும் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இனி நம் வீட்டு மின்சாரத்துக்கு வருவோம். கூரைமேல் சூரிய சக்தித் தகடுகள் வைத்து ஒரு கோடி வீடுகளுக்கு மின்சாரம் தரும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2024 பிப்ரவரியில் ஆரம்பித்தது. நல்ல திட்டம், வெயிலுக்கு நாம் எந்த நாட்டுக்கும் கப்பம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் தகட்டுக்கும் மின்கம்பிக்கும் நடுவே இன்வெர்ட்டர் என்ற கருவி நிற்கிறது. அதில் மென்பொருள் இருக்கிறது. இன்டர்நெட் வழியாக அது தன்னைச் செய்த கம்பெனியோடு பேசவும் வல்லது. அமெரிக்காவிலும் பிற இடங்களிலும் சில இன்வெர்ட்டர்கள் 2024 நவம்பரில் சீனாவிலிருந்தே செயலிழக்கச் செய்யப்பட்டதாக ராய்ட்டர் ஸ்தாபனம் 2025 மே மாதத்தில் செய்தி வெளியிட்டது. வெயில் நம்முடையது, கூரை நம்முடையது, கடனும் நம்முடையது. விளக்கை அணைக்கும் விசை மட்டும் கடல் கடந்து கிடக்கிறது என்றால், இதைச் சுயபலம் என்று எவ்வாறு சொல்வது?

நாடெங்கும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்துவதும் சர்க்காரின் நோக்கம். முன்பெல்லாம் மின்சாரத்தைத் துண்டிக்க லைன்மேன் வாசலுக்கு வந்து பியூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். அவரிடம் ரசீதைக் காட்டலாம், ஒரு நாள் தவணை கேட்கலாம். புதிய மீட்டரைத் தொலைவிலிருந்தே நிறுத்த இயலும். ரசீது காட்ட அங்கே யாரும் நிற்கமாட்டார்.

இவ்விடத்தில் மின்சாரச் சட்டத்தையே நாம் வழிகாட்டியாகக் கொள்ள விரும்புகிறோம். 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவு, பணம் கட்டத் தவறியவருக்குக்கூட, முழுமையாகப் பதினைந்து நாள் எழுத்துமூல நோட்டீஸ் கொடாமல் மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடாது என்கிறது. வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரரையும் வீட்டுக்காரர் தாமாகவே பூட்டுப் போட்டு வெளியேற்ற முடியாது. கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். பாக்கி வைத்தவருக்கே இவ்வளவு பாதுகாப்பு இருக்க, பாக்கியே வைக்காத நயாராவுக்கு அது இல்லை. விளக்குக்குக் கிடைத்த நியாயம், அவ்விளக்குக்கு எரிபொருள் தேடித்தரும் ஸ்தாபனத்தின் கம்பியூட்டருக்குக் கிடைக்கவில்லை.

இருக்கும் சட்டங்கள் போதாவா என்று கேட்கலாம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தக்க காரணமின்றி ஒரு தரப்பார் மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடந்தரும் ஷரத்தை 'அநியாய ஒப்பந்தம்' என்று வகுத்திருக்கிறது. நல்ல வாசகம்தான், ஆனால் வியாபாரத்துக்காகச் சேவை பெறுவோரை அச்சட்டம் பொதுவாக நுகர்வோராகக் கொள்வதில்லை. 2023-ம் வருஷத்துத் தகவல் பாதுகாப்புச் சட்டம் தனிமனிதரின் தகவல்களைப் பற்றியது. அதிலும், தம் தகவல்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை 2019-ம் வருஷத்து மசோதாவில் இருந்தும், முடிவான சட்டத்தில் காணப்படவில்லை.

ஐரோப்பியரோ தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொண்டிருக்கின்றனர். கியூபா, இரான் முதலிய நாடுகளைப் பற்றி அமெரிக்கா இயற்றிய சில சட்டங்களுக்கு ஐரோப்பியக் கம்பெனிகள் கீழ்ப்படியக் கூடாது என்று 1996-லேயே அவர்கள் ஒரு சட்டம் செய்தார்கள். நடைமுறையில் அது எவ்வளவு பயன்பட்டது என்பதில் விவாதம் உண்டு. ஆனால் அன்னியச் சட்டம் தம் எல்லைக்குள் தானாகவே நடமாடக்கூடாது என்ற தத்துவத்தை அவர்கள் சாசனமாக்கிவிட்டனர். தமக்கு ஆகாது என்று அவர்கள் சொன்ன அதே செயல்தான் வாடினாரில் நமக்கு நேர்ந்தது. மேலும், 2025 செப்டம்பர் 12-ந் தேதி முதல் அமுலில் உள்ள அவர்களுடைய தகவல் சட்டம், வாடிக்கையாளர் தம் தகவல்களுடன் ஒரு கம்பெனியை விட்டு வேறொன்றுக்கு மாறும் உரிமையை அளிக்கிறது. அவர்களை நிந்திப்பதைவிட அவர்களிடம் கற்பதே நமக்கு லாபம்.

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து சுதேசி மென்பொருள் என்று சிலர் வாதிக்கின்றனர். தமிழ்நாட்டில் வேர்விட்டு வளர்ந்த ஸோஹோ கம்பெனியின் மேடைக்கு மத்திய சர்க்கார் ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் மாற்றப்பட்டது நமக்கும் பெருமையே. ஆனால் எஜமானன் நம் ஊர்க்காரன் என்பதால் அடிமைச் சீட்டு கிழிந்துவிடாது. காரணமின்றி நிறுத்தும் அதிகாரம் அன்னியனிடம் இருந்தாலும் அண்டை வீட்டானிடம் இருந்தாலும் ஒன்றே. நம் சர்க்காரும் இதற்கு விலக்கல்ல. இன்டர்நெட்டைக் காலவரையறையின்றி நிறுத்தக்கூடாது, நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாஸின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது எல்லோர்க்கும் பொதுவான நீதி. பிரஸ்ஸல்ஸிடம் நாம் கேட்கும் நியாயத்தை நம் ஜனங்களுக்கு மறுத்தால், நம் வாதத்துக்கு வலிவில்லை.

உண்மையான பரிகாரம் சாவியின் பிரதி ஒன்று உபயோகிப்பவர் கையில் இருப்பதேயாகும். சுதந்திர மென்பொருள் என்று சொல்லப்படுவதன் பொருள் இதுவே: அதன் மூல எழுத்து யாரும் படிக்கத்தக்கது, திருத்தத்தக்கது, பிறருக்குக் கொடுக்கத்தக்கது. செய்தவர் மனம் மாறினாலும் கையிலிருக்கும் பிரதியைப் பிடுங்க முடியாது. கேரளப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பல வருஷங்களாக இத்தகைய மென்பொருளிலேயே பயில்கின்றனர். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் ராஜ்யம் சுமார் 30,000 அரசாங்கக் கம்பியூட்டர்களை லிப்ரே ஆபீஸ் என்னும் மென்பொருளுக்கு மாற்றப்போவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. இந்திய சர்க்காரும் 2015-லேயே திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தருவதாகக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. கொள்கைக்குக் குறைவில்லை, கடைப்பிடிப்பதில்தான் குறை. இம்மென்பொருளுக்கும் செலவு உண்டு, பராமரிப்பு உண்டு, பயிற்சி உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அச்செலவு நம் வாலிபர்களின் கைத்திறனாக நாட்டிலேயே தங்கும்.

ஆகவே பார்லிமெண்டு செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, கட்டணம் செலுத்திப் பெற்ற மென்பொருட் சேவையைப் பதினைந்து நாள் எழுத்துமூல நோட்டீஸின்றி நிறுத்தக்கூடாது என்றும், அந்நாட்களுக்குள் இந்தியக் கோர்ட்டை நாட வாய்ப்பு வேண்டும் என்றும் சட்டமாக்குவது. இரண்டாவது, நிறுத்தப்பட்டாலும் ஒருவர் தம் கடிதங்களையும் கணக்குகளையும் எடுத்துச் செல்லும் உரிமையைத் தனிமனிதருக்கும் ஸ்தாபனங்களுக்கும் ஒருங்கே அளிப்பது. மூன்றாவது, இந்திய சர்க்கார் ஏற்காத அன்னியத் தடையை இந்தியாவில் நிறைவேற்றுவோர் நஷ்டஈட்டுக்கு உட்படுவார் என விதிப்பது. நான்காவது, மின்சாரம், எண்ணெய், ரயில், குடிநீர் ஆகியவற்றுக்காகப் பொதுப்பணத்தில் வாங்கும் கருவி எதிலும், தொலைவிலிருந்து நிறுத்தும் விசை விற்றவர் கையில் இராதபடி ஒப்பந்தத்திலேயே தடுப்பது.

நயாராவின் வழக்கு தீர்ப்பின்றி முடிந்தது ஓர் எச்சரிக்கை. அடுத்த முறை நிறுத்தப்படுவது ஒரு கம்பெனியின் கடிதமாக இராமல், ஒரு ஜில்லாவின் மின்சாரமாக இருக்கலாம். சட்டத்தை விளக்கு அணைந்தபின் இருட்டில் எழுதுவதைக் காட்டிலும், விளக்கு எரியும்போதே எழுதிவைப்பது விவேகம்.